பையோடு சேர்த்த எடை

வாகைக்குளம் விமான நிலையத்தின் வெளிவாசலில் என் கணவர் எங்கள் மகளைத் தூக்கவில்லை. பதினான்கு மாதம் கழித்து ஊருக்கு வருகிறார். மூன்றரை வயதுப் பிள்ளை, செல்போனில் மட்டுமே பார்த்துப் பழகிய அப்பாவை அடையாளம் கண்டுகொண்டு, இரண்டு கையையும் உயர்த்தியபடி ஓடுகிறது. அவர் குனியவில்லை. தலையை மட்டும் தடவிவிட்டு, "கை அழுக்கா இருக்கு பாப்பா, வீட்ல போயி தூக்குதேன்" என்றார். வீட்டுக்குப் போய்க் கை கழுவினார். அப்போதும் தூக்கவில்லை.

மருத்துவமனைக் கோப்பில் நோயின் தொடக்கம் என்று வேறொரு நாள் எழுதியிருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த வாசல்தான். கையில் ஃபைலோடு ஏதோ ஒரு வரவேற்பறையில் டோக்கன் எண்ணுக்காகக் காத்திருக்கும் யாருக்காவது உதவலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். முதுகெலும்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் படுத்திருப்பவர் டாக்டரிடம் சொல்லும் பதிலை எப்படிக் கவனிக்க வேண்டும் என்பதை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்துகொண்டேன்.

அவர் பெயர் முருகவேல். என் மாமனார் துறைமுகச் சாலையில் தார்ப்பாய் தைக்கும் கடை வைத்திருக்கிறார். உப்பு ஏற்றிப் போகும் லாரிகளுக்கும் படகுகளுக்கும் தைத்துக் கொடுப்பார்கள். இவரும் அங்கேதான் தைத்துக்கொண்டிருந்தார். ஆறு வருடத்துக்கு முன்னால், காயல்பட்டினத்து நண்பர் செய்யது வழியாக வளைகுடாவில் ஒரு வேலை கிடைத்தது. பாலைவனத்துக்கு நடுவே ஒரு திடல். விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பதை விளையாட்டாகச் செய்கிறவர்கள் பல நாடுகளிலிருந்து அங்கே வருவார்களாம். அவர்கள் தரையிறங்கியதும் அந்தத் துணியை வாங்கி, கயிறுகளைச் சிக்கெடுத்து, மடித்து, முதுகுப் பைக்குள் அடுக்கிக் கொடுப்பது இவர் வேலை. துணியும் நூலும் பழகிய கை என்று செய்யது சொல்லிச் சேர்த்துவிட்டார்.

கிளம்பும் அன்று மாமனார் கடை வாசலில் நிறுத்திச் சொன்னார். "மடிச்சுக் குடு. கிழிஞ்சா தச்சுக் குடு. ஆனா நீ மேல ஏறப்பிடாது. ஒத்தப் பிள்ளலே நீ." இவர் அப்பா கையில் அடித்துச் சத்தியம் செய்தார். எனக்குத் தனியாக இன்னொரு முறை செய்தார்.

விடுப்புக்கு இரண்டு மாதம் முன்னதாகவே வந்திருந்தார். ஏன் என்று கேட்டால், "வெயில் காலம்ளா, அங்கன ஆளு வாரது கம்மி" என்றார். தும்மினால் சுவரைப் பிடித்துக்கொண்டார். சட்டைக்குள் இடுப்பில் அகலமான பெல்ட் கட்டியிருந்ததை மூன்றாம் நாள்தான் பார்த்தேன். மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கம்பெனி கொடுத்தது என்றார். பாராசூட் மடிக்கிற ஆளுக்கு மூட்டை எங்கிருந்து வந்தது?

அவர் குளிக்கப் போயிருந்தபோது போனைப் பார்த்தேன். பார்த்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு படம் இருந்தது. முகம் முழுக்க வெள்ளை க்ரீம் அப்பிக்கொண்டு, பல் மட்டும் தெரியச் சிரிக்கிறார். அவர் தோளில் கை போட்டபடி கருப்புக் கண்ணாடி அணிந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். பிறந்தநாள் கேக்காக இருக்குமோ என்று தேதியைப் பார்த்தேன். மாசி மாதம். அவர் பிறந்தது ஆடியில். யாருடைய பிறந்தநாளுக்கு இவர் முகத்தில் க்ரீம்? அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பிக்கொண்டு, அனுப்பிய தடயத்தை அழித்தேன். ஒழுங்கான வீட்டில் வளர்ந்த பெண் செய்கிற வேலைதானா இது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆனாலும் அழித்தேன்.

ஒன்பதாம் நாள் திங்கட்கிழமை காலையில் வலது கால் மரத்துப்போகிறது என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஆட்டோ வைத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். எடை பார்த்தார்கள். எண்பத்தொன்று. எக்ஸ்ரே எடுத்தார்கள்.

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு இல்லை. தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதைப் போலச் சின்னச் சின்ன எலும்புகள். நெஞ்சுப் பகுதி முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில் இருக்கும் பெட்டி இவருக்கு முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தது. படத்தில் எனக்கே தெரிந்தது.

எலும்பு டாக்டர் இளைஞர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே கேட்டார். "எப்படி அடிபட்டுச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டு சார்."

"நின்ன எடத்துலயா? மாடிப்படி, ஏணி எதுவும் இல்லையே?"

"இல்ல சார். நின்ன எடத்துலதான்."

டாக்டர் அவரை ஒரு முறை பார்த்தார், படத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு என்னை மட்டும் வெளியே அழைத்தார். "முப்பத்தி நாலு வயசு ஆளுக்கு பாத்ரூம்ல வழுக்கினா இந்த எலும்பு இப்படி நசுங்காதும்மா. நசுங்கியிருக்குன்னா அது ஏற்கெனவே உள்ளுக்குள்ள வலுவிழந்திருக்கணும். அவர் நிஜமாவே அப்படித்தான் விழுந்தாரா?"

"ஆமா சார்" என்றேன்.

நான் பார்க்கவில்லை சார் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? கணவர் சொன்னதை மனைவி மாற்றிச் சொல்லக் கூடாது என்று எங்கோ பதிந்துபோயிருக்கிறது. அந்த ஒரு 'ஆமா' எங்களை நான்கு நாள் இழுத்துக்கொண்டு போனது.

எலும்பு உள்ளுக்குள் வலுவிழக்க முக்கியமாக இரண்டு காரணங்களை டாக்டர் சொன்னார். ஒன்று காசநோய். அது நுரையீரலுக்கு மட்டும் வருவதில்லை, முதுகெலும்பிலும் தங்கி மெதுவாக அரிக்கும். இன்னொன்றை அவர் 'கட்டி' என்றார். அந்தச் சொல்லை எதற்குப் பதிலாகச் சொல்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சு எக்ஸ்ரே. முன்கையில் தோலுக்கடியில் ஒரு சின்ன ஊசி. போட்ட இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுவார்கள். மூன்று நாளுக்குள் அந்த வட்டத்துக்குள் தடித்தால் காசநோய்க் கிருமி உடம்புக்குள் எப்போதோ வந்திருக்கிறது என்று பொருள். தடித்தாலே நோய் என்று ஆகிவிடாது, நம் ஊரில் பாதிப் பேருக்குத் தடிக்கும் என்றார் வார்டு நர்ஸ் பிலோமினா சிஸ்டர். அப்படியென்றால் எதற்குப் போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"எம்மா, நீ டீச்சரா?"

"பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூசன் எடுக்கேன் சிஸ்டர்."

"அதான பாத்தேன். நீ கேக்குற கேள்விக்கு நான் எம்.பி.பி.எஸ். படிச்சிட்டு வரணும்." ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு மாத்திரையையும் எதற்கென்று சொல்லித்தான் கொடுத்தார். அது கேலியா கரிசனமா என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. கரிசனம்தான்.

செவ்வாய்க்கிழமை எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அது வேறு கட்டடத்தில். இந்த மருத்துவமனை ஏன் குறிப்பாக அந்த மையத்துக்கே அனுப்புகிறது என்று ஒரு சந்தேகம். வரவேற்பறையில் இருந்தவரிடம் கேட்டும் விட்டேன். "ஊர்ல சும்மா கெடக்குற மெஷின் இது ஒண்ணுதான் மேடம், மத்ததுல நாளைக்குத்தான்" என்றார். உள்ளே அனுப்புவதற்கு முன் ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். சமீபத்தில் பெரிய விபத்து, உயரத்திலிருந்து விழுதல் ஏதேனும் உண்டா? அவர் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார். பேனா ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் இறங்கியது. நான் பார்த்தேன்.

உள்ளே அந்த இயந்திரம் கப்பல் பட்டறையில் சுத்தியல் அடிப்பதைப் போல முக்கால் மணி நேரம் சத்தம் போட்டது. புதன்கிழமை அறிக்கை வந்தது. எலும்புக்குள் நீர் கோத்திருக்கிறது. அடிபட்டதாலும் இருக்கலாம், கிருமியாலும் இருக்கலாம், கட்டியாலும் இருக்கலாம். நோயாளி சொல்லும் விவரத்தோடு பொருத்திப் பார்க்கவும். நான் அந்தக் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். இவ்வளவு பெரிய இயந்திரம் கடைசியில் கேள்வியை அவரிடமே திருப்பி அனுப்பியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பயாப்சி என்றார்கள். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே முதுகு வழியாக நீளமான ஊசியை எலும்புக்குள் செலுத்தி, துளியூண்டு எலும்பை எடுத்துப் பரிசோதிப்பது. பக்கத்திலேயே காலுக்குப் போகும் நரம்புகள் இருக்கின்றன. ஆபத்து குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஒப்புதல் படிவத்தில் நோயாளியும் மனைவியும் கையெழுத்திட வேண்டும்.

இதற்குள் வீட்டில் என் மாமியார் இவர் சாப்பிட்ட தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். பாப்பாவை என் அம்மா வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். "ஒம்பது நாளு அவன் பக்கத்துலதான படுத்துக் கெடந்தா" என்று அவர் முணுமுணுத்தது என்னைத் தூங்கவிடவில்லை. புதன் மதியம் பாப்பாவை வழக்கமாகப் பார்க்கும் குழந்தை டாக்டரிடம் ஓடினேன். இவருடைய நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் அவசரமே இல்லை என்று அவர் சொன்னார். நான்தான் விடவில்லை. பிள்ளையின் முன்கையிலும் ஊசி போட்டு, வட்டம் போட்டார்கள். அவள் அழுத அழுகைக்கு நான்தான் காரணம். என் பயமா, அவருடைய பதிலா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குச் செய்யது வந்தார். அவரும் விடுப்பில் வந்திருந்தார். அங்கே அவருக்கும் அதே வேலைதான். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு.

"உம்மா வட்டலப்பம் குடுத்துவிட்டாங்க. முட்டையும் தேங்காப்பாலும் எலும்புக்கு நல்லதாம்" என்று என்னிடம் கொடுத்துவிட்டுக் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, "மாப்ள, ஒன் கேனப்பி எங்கிட்டதான் இருக்கு. ஒரு கயிறு அந்துருக்கு, வேற சேதம் இல்ல. யார் தலையிலயாச்சும் கட்டி வித்துரட்டா?" என்றார்.

இவர் இருமினார். செய்யது நிறுத்திக்கொண்டார். தட்டு கழுவப் போவதைப் போல நான் எழுந்தேன்.

பாராசூட்டில் காற்று நிறைந்து விரியும் துணியை அவர்கள் கேனப்பி என்பார்கள் என்று எனக்குத் தெரியும். அது குதிக்கிறவருடைய பொருள். மடித்துக் கொடுக்கிறவருக்கு ஏது 'ஒன் கேனப்பி'?

செய்யது கிளம்பியதும் பின்னாலேயே போய் மாடிப்படித் திருப்பத்தில் பிடித்தேன். "அண்ணே, ஒரு நிமிசம். இந்தப் படம் என்ன?" என்று என் போனை நீட்டினேன்.

அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுவா? நூறாவது தடவ குதிச்சு எறங்குனா மூஞ்சில க்ரீம் அப்பிருவாங்க தங்கச்சி. அங்கன அது வழக்கம். எனக்கு அப்புனப்ப மூக்குக்குள்ளல்லாம் போயி ரெண்டு நாளு பால் வாட." சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைக் கவனித்தார். "அல்லாவே. ஒனக்குத் தெரியாதா?"

"இந்தப் பொம்பள யாரு?"

"அவ சொல்லிக் குடுக்குறவ. ரெண்டாயிரம் தடவ குதிச்சிருப்பா. கண்ணாடிய கழத்துனா பாத்துக்க, அறுவது வயசு. பேரன் காலேஜ் படிக்கான்."

ஒரு சந்தேகம் இறங்கியது. அதைவிடப் பெரியது ஏறியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். செய்யது இரண்டு படி கீழே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார்.

அங்கே வேலை பார்ப்பவர்களுக்குப் பயிற்சி சலுகையில் கிடைக்குமாம். இரண்டாம் வருடமே இவர் கற்றுக்கொண்டுவிட்டார். புதிதாகக் குதிக்கிறவர்களுக்குப் பெரிய கேனப்பிதான் கொடுப்பார்கள். சதுர அடியில் அளவு சொல்வார்கள். இவர் நூற்றுத் தொண்ணூறில் பறந்துகொண்டிருந்தார். துணி பெரிதானால் மெதுவாக, சின்னத் தப்புகளை மன்னித்து இறக்கும். சிறிதானால் வேகம் கூடும். கையை லேசாக இழுத்தாலே திரும்பும். திரும்பும்போது தரையை நோக்கிப் பாயும். பழகியவர்களுக்கு அதில்தான் ருசியாம்.

"ஒருத்தன் ஊருக்குத் திரும்பும்போது நூத்தம்பத இவன்கிட்ட வித்துட்டுப் போனான். நான் வேண்டாம்னேன். சொல்லிக் குடுக்குறவளும் வேண்டாம்னா. இவன் என்ன சொன்னான் தெரியுமா? 'நாலு வருசமா இத மடிக்கது நாந்தான். இதுல எந்தத் தையலு எங்கன இருக்குன்னு என் கைக்குத் தெரியும்'னான். ஏன் தங்கச்சி, கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கவன் கப்பல ஓட்டிருவானா?"

"எடைக்குத் தக்கனதான அளவு எடுப்பாங்க?"

"எடுக்கணும். இவன் வேலைக்குச் சேந்தப்ப எழுதுன மெடிக்கல் கார்டப் பாத்து எழுவத்திரெண்டுன்னு போட்டான். அதுலயும் முதுகுல கட்டுற பையச் சேக்கல. அதுவே பதினோரு கிலோ. மத்தவனுக்கு மடிச்சுக் குடுக்கப்ப அத்தன தடவ பாப்பான். தனக்குன்னு வந்ததும் கண்ணு தெரியல."

நூற்றுப் பன்னிரண்டாவது குதிப்பு. தரைக்குப் பக்கத்தில் வரும்போது காற்று திசை மாறியிருக்கிறது. எதிர்க்காற்றைப் பிடிக்கத் தாழ்வாகத் திரும்பியிருக்கிறார். உட்கார்ந்த வாக்கில் விழுந்திருக்கிறார். எழுந்து நின்று சிரித்திருக்கிறார். இரண்டு நாள் குனிந்து வேலையும் பார்த்திருக்கிறார்.

"ஆஸ்பத்திரிக்கு இழுத்தேன், வரமாட்டேன்னுட்டான். வாப்பாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன், தெரிஞ்சா செத்துருவாருன்னான்."

வார்டுக்குத் திரும்பினேன். அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கினாரா, நடித்தாரா, தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. படம் இருந்த பெரிய உறையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். குதிக்கிறவர்கள் வழக்கப்படி எடையைப் பவுண்டில் எடுத்துச் சதுர அடியால் வகுக்க வேண்டும். புதியவர்களுக்கு ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும் என்று செய்யது சொல்லியிருந்தார். எழுபத்திரண்டு கிலோ என்றால் நூற்று ஐம்பத்தொன்பது பவுண்டு. நூற்றைம்பதால் வகுத்தால் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். இவர் இதைப் பார்த்துத்தான் திருப்திப்பட்டிருக்க வேண்டும். திங்கட்கிழமை இந்த மருத்துவமனை பார்த்த எடை எண்பத்தொன்று. பையோடு தொண்ணூற்றிரண்டு. இருநூற்று மூன்று பவுண்டு. வகுத்தேன். 1.35. கீழே இரண்டு கோடு போட்டேன். டியூசன் பிள்ளைகளின் நோட்டில் தப்பான விடைக்கு அப்படித்தான் போடுவேன்.

மதியம் அவர் கண் விழித்ததும் ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். "நாளைக்கு அந்த ஊசி கண்டிப்பா போடணுமாங்க?"

"டாக்டரே சொல்லுதாவ, சரியாத்தான் இருக்கும்."

"பயமா இல்லியா?"

"போட்டாப் போட்டுட்டுப் போறாவ" என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற முதுகெலும்புக்குள் ஊசியை விடச் சம்மதிக்கிறவரிடம் இன்னும் என்னென்ன இருக்கும்? ஐந்து மணிக்கு டாக்டர் சுற்று. அவரிடம் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொன்னால் மாமனார் முன்னால் இவரைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். சொல்லாவிட்டால் காலையில் கையெழுத்துப் போட வேண்டியவளும் நான்தான். அந்தப் படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மூன்றரை மணிக்கு மாமாவும் அத்தையும் பாப்பாவோடு வந்தார்கள். அத்தை முந்தானையை மூக்கில் வைத்தபடி வாசலிலேயே நின்றார். பாப்பா யாரும் பிடிப்பதற்குள் கட்டில் பக்கம் ஓடிவிட்டாள்.

"அப்பா, எனக்கு வட்டம் போட்டிருக்கு."

"எங்க, காட்டு."

"அழிக்கக் கூடாதாம். அழிச்சா மறுபடியும் ஊசியாம்." அவள் கையை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஒங்களுக்கும் வட்டம்! ஒங்களுக்குத்தான் பெருசு."

அவர் இரண்டு வட்டங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார். "இவளுக்கு எதுக்குளா?"

"ஒங்களுக்கு என்ன நோவுன்னு யாருக்கும் தெரியலல்லாங்க. அதுக்குத்தான்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்பா, நான் பாத்ரூம்ல விழல."

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. மகன் மேலே ஏறிக் குதித்திருக்கிறான் என்று புரிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தார். சத்தியத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. நாற்பது வருடமாகத் துணி அளந்த மனிதர் முதலில் கேட்டது அதைத்தான்.

"எத்தன சதுர அடி?"

"நூத்தம்பதுப்பா."

"ஏலே, ஒரு லாரி உப்புக்கு நானூறு அடி வெட்டுதேன். உப்பு மூட்டைக்கு உள்ள மதிப்பு கூடவா உனக்கு இல்ல?"

வாசலிலிருந்து அத்தை கேட்டார். "அப்ப இவனுக்குக் காசம் இல்லியா?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முந்தானையை எடுத்துவிட்டு உள்ளே வந்து மகன் தலையைக் கட்டிக்கொண்டார். "மேலேருந்துதான் விழுந்தானா! நான் என்னமோ ஏதோன்னுல்லா பயந்துட்டேன்." பிலோமினா சிஸ்டர் மருந்துத் தட்டோடு நின்று, "வானத்துலேருந்து விழுந்ததுக்குச் சந்தோசப்படுற குடும்பத்த இப்பத்தான் பாக்கேன்" என்றார்.

ஐந்து மணிக்கு டாக்டரிடம் அவரே சொன்னார். டாக்டருக்கு முதலில் கோபம்தான் வந்தது. "இதைத் திங்கட்கிழமையே சொல்லியிருந்தா பாதி டெஸ்ட் எழுதியிருக்க மாட்டேன் சார்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களும்தான் ஆமான்னீங்க." ஸ்கேன் டாக்டரிடம் போனில் பேசினார்கள். உயரத்திலிருந்து உட்கார்ந்த வாக்கில் விழுந்தவருக்கு இந்த எலும்பு இப்படித்தான் நசுங்கும், படம் அதற்குப் பொருந்துகிறது என்று முடிவானது. பயாப்சி வேண்டாம். அறுவைச் சிகிச்சையும் வேண்டாம். நெஞ்சிலிருந்து இடுப்பு வரை கெட்டியான பிரேஸ் போட்டு மூன்று மாதம். ஆறு வாரம் கழித்து உறுதிக்காக இன்னொரு ஸ்கேன்.

இன்னொரு ஸ்கேன் எதற்கு, முழுதாக நம்பவில்லையா என்று நான் கேட்டேன். "ஒரு தடவை பொய் சொன்ன நோயாளிம்மா. எலும்பையே நேரா கேட்டுக்கிறேன்" என்றார். அந்த டாக்டரை எனக்கு முதன்முதலாகப் பிடித்தது அப்போதுதான்.

பாப்பாவின் வட்டத்தில் சனிக்கிழமை ஒன்றுமே தடிக்கவில்லை. ஆறு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் எலும்பு ஆறிக்கொண்டிருந்தது.

ஒன்று மட்டும் எனக்கு இன்றும் தெளிவாகவில்லை. அன்று மாமா வந்தபோது எம்.ஆர்.ஐ. உறை கட்டில் பக்கத்து மேஜையில்தான் இருந்தது. பின்பக்கம் மேலே பார்த்தபடி. நூற்றைம்பது, தொண்ணூற்றிரண்டு, 1.35, இரண்டு கோடு. அந்த எண்ணைப் பார்த்தால் என் கணவருக்கு ஒரு நொடி போதும். பிள்ளையின் கையைப் பார்த்துத்தான் வாய் திறந்தாரா, அல்லது எனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்ததாலா? கேட்டேன். "பாப்பா கையத்தான்ளா பாத்தேன்" என்றார். உறையைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "எந்த உறை?" என்றார். நம்புகிறேன். ஆனாலும் அந்த உறையை நான் தூக்கிப்போடவில்லை.

பிரேஸ் போட்ட மாதங்களில் அவர் முதல்முறையாக அந்த உலகத்தைப் பற்றிப் பேசினார். விமானத்தில் ஏறுவதற்கு முன் ஒருவர் பையை ஒருவர் திருப்பிப் பார்ப்பார்களாம். பெயர்கூடத் தெரியாத ஆளாக இருந்தாலும் அவர் முதுகுப் பையைப் பூட்டி வைக்கும் ஊசி சரியாகச் செருகியிருக்கிறதா என்று பார்த்துத் தோளில் தட்டுவார்களாம். முதல் பாராசூட் சிக்கிக்கொண்டு அவசரத்துக்கென்று பையில் இருக்கும் இரண்டாவதால் உயிர் பிழைத்தவர், அந்த இரண்டாவதை மடித்தவருக்குக் கட்டாயம் ஒரு பரிசு வாங்கிக் கொடுக்க வேண்டுமாம். பெரிய டாக்டர், விமானி, கப்பல் முதலாளி எல்லாம் இவர் மடிக்கும் பாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இவரோடு ஐஸ்கிரீம் சாப்பிடுவார்களாம்.

"இத்தன பேரு ஒங்க முதுகப் பாத்தாவல்லா, ஒருத்தரும் அளவு தப்புன்னு சொல்லலியா?"

"சொன்னாவ. நான்தான் கேக்கல."

"எதுக்குங்க சின்னது? பெருசுல பறந்தா பறக்க மாட்டீங்களா?"

"மத்தவங்க பறக்குறதையே மடிச்சு மடிச்சுக் குடுத்துட்டு இருந்தேன்ளா. எல்லாரும் பெருசுலேருந்து சின்னதுக்கு எறங்கி எறங்கிப் போறாவ. நான் மட்டும் கொடுத்ததக் கட்டிக்கிட்டு நிக்கேன்னு தோணிட்டு." அது முழு உண்மை என்று எனக்குத் தோன்றியது. அவர் சொன்னவற்றில் நான் குறுக்குக் கேள்வி கேட்காமல் விட்டது அது ஒன்றைத்தான்.

நூற்றைம்பதைச் செய்யதிடமிருந்து வாங்கி மாமா கடையில் பூட்டி வைத்திருக்கிறார். அடுத்த மாதம் இவர் வேலைக்குத் திரும்புகிறார். இனிமேல் மேலே ஏற மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்றேன். அந்தச் சத்தியம் ஏற்கெனவே எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தாகிவிட்டது. ஏறினால் சொல்லிவிட்டு ஏறுங்கள், எத்தனை அடித் துணி, அன்றைக்கு உங்கள் எடை எவ்வளவு என்று, பையைக் கட்டிக்கொண்டு தராசில் நிற்கும் படத்தோடு சொல்லுங்கள் என்றேன். மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. நான் செய்தது சரியா என்று ஒரு நாளைக்கு மூன்று முறை மாற்றி நினைக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பிரேஸைக் கழற்றினார்கள். எல்லாம் தூக்கலாமா என்று கேட்டேன். பதினைந்து கிலோ வரைக்கும், முழங்காலை மடக்கி உட்கார்ந்து தூக்க வேண்டும் என்றார் டாக்டர். அதை எழுதிக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன். பாப்பாவை அங்கேயே தராசில் நிறுத்தினேன். பதினான்கு.

மறுநாள் மாலை பள்ளி வேன் தெருமுனையில் நின்றது. பாப்பா முதுகில் பை, கழுத்தில் தண்ணீர் பாட்டில், இரண்டு கையையும் உயர்த்தியபடி ஓடிவந்தாள். அவர் வாசலில் நின்றிருந்தார். நான் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். பையோடு தூக்காதீர்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லாமல் பார்த்தேன்.

அவர் முழங்காலை மடக்கி அவள் உயரத்துக்கு உட்கார்ந்தார். பாட்டிலைக் கழற்றிக் கீழே வைத்தார். பையின் வாரை ஒரு தோளிலிருந்தும் பிறகு மறு தோளிலிருந்தும் எடுத்து, கையில் எடை நிறுத்துப் பார்த்து, சுவரோரமாகச் சாய்த்து வைத்தார். ஷூவையும் கழற்றினார். பிறகுதான் தூக்கினார்.